செத்தவளுக்குக் குடை கொடுத்தவன்

‘பெயர் போடாத புத்தகங்கள்’: அத்தியாயம் 12

போன கிழமை சுலோஜனாவைக் கையில் போனோடு குசினி வாசலில் நிற்க வைத்துவிட்டு நான் போய்விட்டேனாம். மட்டக்களப்பில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அந்த மனுசி ஒரு கிழமையாய் நிக்குது. கால் உளையாதோ?” உளையும்தான். வாங்கோ, முதலில் அவளை ஒரு கதிரையில் இருத்துவோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். சுலோஜனா திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கிற தமிழ் ரியூஷன் டீச்சர். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புதன்கிழமை தோறும் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற ‘நங்கூரப் பள்ளி’ என்ற ஆவித் தொடர் இருக்கிறதே, அந்தத் தொடரோடு கூடவே வருகிற நாவல்களை எழுதுகிறவள் இவள்தான் என்பது ஊருக்குத் தெரியாது. நாலு புத்தகம் வந்துவிட்டது. நாலிலும் அட்டையில் நடிகர்களின் படம், கீழே ‘நங்கூரப் பள்ளி எழுத்துக் குழு’. அந்தக் குழுவில் இருக்கிற ஒரே ஆள் நம்முடைய சுலோ.

ஐந்தாவது புத்தகம் ஒரு சிக்கலும் இல்லாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தால், ஆறாவதில் அவளுடைய பெயரை அட்டையில் போடுவோம் என்று கொழும்பு சொல்லியிருந்தது. அதற்காகத்தான் இந்தப் பெண் மூன்று மாதமாய் இடுப்பு ஒடிய எழுதினாள். கொழும்பு அச்சகங்கள் பாடப்புத்தக வேலையில் மாட்டிக்கொண்டதால், இங்கேயே நிப்றாஸின் அச்சகத்தில் நின்று அச்சடிப்பித்ததும் அவள்தான்.

அச்சு முடிந்த அன்று பின்னேரம்தான் தொடரின் கதைப் பொறுப்பாளர் றுமானா போன் எடுத்து, “அக்கா, சாதனா சாகிற இடத்தை எப்பிடி எழுதியிருக்கிறீங்கள்?” என்று ஆசையாய்க் கேட்டார்.

சுலோ எழுதிய புத்தகத்தில் சாதனா சாகவே இல்லை. கடைசிப் பக்கத்தில் கூட்டாளிகளைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“நல்லா வந்திருக்கு” என்று சொல்லி சுலோ போனை வைத்தாள். அவ்வளவும் பொய்.

*

மறுநாள், புதன்கிழமை காலை ஏழு மணி. அன்று பின்னேரம் ஆறு மணிக்குப் புத்தகங்கள் வேனில் ஏறிக் கொழும்புக்குப் போகவேண்டும். ஏழரைக்குத் தொலைக்காட்சியில் சாதனா செத்துவிடுவாள். மறுநாள் கடையில் புத்தகம் வாங்குகிற பிள்ளை அதைத் திறந்தால், செத்தவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். நாடு முழுக்கச் சிரிக்கும்.

சுலோஜனா மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்து மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாய்த் திறந்தாள். மூன்று கிழமைக்கு முதலே எழுதி அறிவித்ததாக றுமானா பேச்சோடு பேச்சாய்ச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் எங்கேயும் இல்லை. கடைசியாய்க் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அங்கே கிடந்தது.

‘கதையில் மாற்றம். தொடரின் இருபத்துநாலாம் அங்கத்தில் சாதனா இறங்குதுறையில் இருந்து விழுந்து இறக்கிறாள். நாவலில் ஏழாம் அத்தியாயத்தில் இருந்து மாற்றித் தரவும்.’

அதற்குக் கீழே சுலோஜனா அனுப்பியதாக ஒரு பதில். ‘பார்த்துவிட்டேன். மாற்றுகிறேன். நன்றி.’ நன்றிக்குப் பக்கத்தில் ஒரு ரோசாப்பூப் படம்.

சுலோஜனா பிறந்ததில் இருந்து ஒருவருக்கும் ரோசாப்பூ அனுப்பியதில்லை. கட்டின புருசனுக்கே அனுப்பியதில்லை.

“தயா! இஞ்ச வா!”

தயாளினி பள்ளிக்கூடச் சட்டையோடு, ஒரு கையில் பாணும் சம்பலுமாய் வந்தாள். பதினைந்து வயது. பின்னலின் நுனி வாயில். தாயின் முகத்தைப் பார்த்தாள், மடிக்கணினியைப் பார்த்தாள். பின்னல் வாயில் இருந்து விழுந்தது.

“பஸ் போயிடும் அம்மா.”

“போகட்டும். இண்டைக்கு உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இது ஆர்ட வேலை?”

தயாளினி கையில் இருந்த பாணைப் பார்த்தாள்.

“கேக்கிறன் எல்லோ! ஆர்ட வேலை?”

“நான்தான்.”

“ஏனடி?”

“புத்தகத்தில அவள் உயிரோட வந்திட்டா, டிவியிலயும் கொல்ல ஏலாம வந்திடும் எண்டு நினைச்சன்.” பாணைத் தட்டில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். “அவள் நான் எல்லோ அம்மா. நீங்கள் என்னை எழுதிப்போட்டு, பிறகு என்னையே கொல்லப் போறீங்கள். அந்தக் கடிதத்தைப் பாத்த உடன எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. கொழும்பு முதல் புத்தகத்துக்குக் கொடுத்த குறிப்பில் சாதனாவுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: வயது பதினைந்து, விடுதிப் பிள்ளை. மிச்சமெல்லாம் சுலோ தன் வீட்டில் இருந்து எடுத்துப் போட்டது. பின்னல் நுனியைக் கடிக்கிறது, படிகளில் இரண்டு இரண்டாய்ப் பாய்கிறது, வாயைத் திறந்தாலே “கேளுங்கோவன்” என்று தொடங்குகிறது, எல்லாம் தயாளினியுடையது. தொடர் எடுத்தவர்களுக்கு அது பிடித்துப்போய், நடிகைக்கும் அந்தக் “கேளுங்கோவன்”ஐச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணம் தொட்டு பொத்துவில் வரைக்கும் பெட்டைகள் எல்லாம் அதைத்தான் சொல்லித் திரிகிறார்கள்.

ஆனால் சுலோவுக்கு அன்று காலை இரக்கம் வரவில்லை. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். சம்பல் தட்டு துள்ளியது.

“என்ட பெயர் போகப் போகுது, விளங்குதா உனக்கு? நாலு புத்தகம் பேர் இல்லாமல் எழுதினனான். அஞ்சாவதோட எல்லாம் சரிவரும் எண்டு இருந்தனான். விசரி!”

சத்தத்துக்குப் புருசன் சசிகரன் ஓடிவந்தார். சீனன்குடாவில் ஸ்டோர் பொறுப்பாளர். அரைக் கைச்சட்டையின் மேல் பொத்தான் இன்னும் பூட்டவில்லை.

“என்ன சுலோ, காலங்காத்தால?”

விசயத்தைக் கேட்டார். தலையைச் சொறிந்தார். “றுமானாவுக்கு உண்மையைச் சொல்லிப்போடு. பிள்ளை செய்த பிழை எண்டா விளங்கிக்கொள்ளுவினம்.”

“விளங்கிக்கொள்ளுவினம். விளங்கிக்கொண்டு ஆறாவது புத்தகத்தை வேற ஆளிட்டக் குடுப்பினம்.” சுலோ எழுந்து கைப்பையை எடுத்தாள். “வேன் ஆறு மணிக்கு. இப்ப ஏழரை. நான் நிப்றாஸிட்டப் போறன். நீங்களும் வாங்கோ. இவளும் வரட்டும்.”

“எனக்கு வேலை...”

“இண்டைக்கு லீவு சொல்லுங்கோ.”

சசிகரன் சொன்னார். இருபது வருசத்தில் எந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று படித்த மனுசன்.

*

நிப்றாஸ் கிண்ணியா ஆள். அச்சகம் டவுனுக்குள், கோட்டைப் பக்கம் போகிற ரோட்டில். இவர்கள் போனபோது, இந்த ஊரில் தெருவெல்லாம் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வீணாய்ப்போன தாள் ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்றது. உள்ளே சாதனா சிரிக்கிற கடைசிப் பக்கங்கள் அடுக்கடுக்காய்க் கிடந்தன.

“டீச்சர், நல்ல நேரம் வந்தீங்க. தைச்சு அட்டை ஒட்டுறதுதான் மிச்சம்” என்றான் நிப்றாஸ் சந்தோசமாய்.

“ஒட்டாதீங்கோ” என்றாள் சுலோ.

விசயத்தைக் கேட்டதும் நிப்றாஸ் கதிரையில் தொப்பென்று இருந்தான். “அல்லாஹ்வே. ரெண்டாயிரம் பிரதி டீச்சர்!”

அச்சு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகம் நூற்றறுபது பக்கம். பதினாறு பக்கத்துக்கு ஒரு கட்டாய், பத்துக் கட்டாக அச்சடித்து மடித்து அடுக்கியிருந்தது. ஏழாம் அத்தியாயம் தொடங்குகிறது ஏழாம் கட்டில். அங்கே இருந்து கடைசி வரைக்கும், நாலு கட்டில் சாதனா உயிரோடு நடமாடுகிறாள்.

“நாலையும் திரும்ப அடிக்க ஏலுமா?”

“தாள் வேணுமே. இரிக்கிற தாள் ஒரேயொரு கட்டுக்குத்தான் காணும். அடுத்த லொறி சனிக்கிழமைதான் வரும்.”

“அப்ப ஒரு கட்டு.”

“ஒரு கட்டில என்ன டீச்சர் செய்யலாம்? மிச்சம் மூணு கட்டிலயும் அந்தப் புள்ள ஓடிப்பாஞ்சு திரியுதே.”

சுலோ ஏழாம் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். சிவப்புப் பேனையைத் திறந்தாள். மாற்ற வழியில்லாத பக்கத்தில் பேனை வைத்து என்ன பயன்? ஆனாலும் அவளுக்குச் சும்மா இருக்க ஏலாது.

“இவள் கதைக்கிற இடமெல்லாம் வெட்டவேணும்” என்றாள். “பக்கத்துக்கு ஒரு இடம் எண்டாலும், அறுவது இடம்.”

மூலையில் நின்ற தயாளினி மூக்கை உறிஞ்சினாள். “ஏன் வெட்டவேணும்? அவள் கதைச்சாலும் ஒருத்தரும் பதில் சொல்லுறேல்லத்தானே.”

“என்ன?”

“கேளுங்கோவன். ஏழாம் அத்தியாயத்தில அவள் வந்து கடலுக்குள்ள கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொல்லுறாள். எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு இருக்கினம். எட்டில பரீட்சை கஷ்டம் எண்டு சொல்லுறாள். விடுதி வோர்டன் டீச்சர் உடுப்பு மடிச்சுக்கொண்டு இருக்கிறா. ஒன்பதில பாட்டுப் பாடுறாள், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல.” அவள் குரல் தணிந்தது. “எங்கட வீடு மாதிரித்தான். நான் கதைச்சா ஆர் பதில் சொல்லுறது? அதை அப்பிடியே எழுதியிருக்கிறீங்கள்.”

சசிகரன் தரையைப் பார்த்தார். சுலோவுக்கு முகம் சுட்டது. மகளை நன்றாய்க் கவனித்து எழுதியிருக்கிறேன் என்று மூன்று மாதமாய்த் தனக்குள்ளே மெச்சிக்கொண்டிருந்தவள். கவனித்தாள்தான். ஒரு நாளாவது பதில் சொன்னாளா? வெட்கமாய் இருந்தது. அதே நேரம், சும்மா சொல்லக்கூடாது, எழுதுகிறவர்கள் பொல்லாத சாதி. அந்த வெட்கத்துக்குள்ளேயே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

“ஒருத்தரும் பதில் சொல்லேல்ல” என்றாள் மெல்லமாய். “ஒருத்தரும் அவளைத் தொடேல்ல.”

“ஓம்.”

“அப்ப அவள் செத்திட்டாள்.”

“அம்மா!”

“இல்லடி, கேள். நான் எழுதினபடியே, ஆறாம் அத்தியாய முடிவில இறங்குதுறைக்குப் போறாள். ஏழில நனைஞ்ச உடுப்போட திரும்பி வாறாள். வந்தது அவள் இல்லை. செத்துப்போனதே தெரியாமல் வந்து எல்லாரோடயும் கதைக்கிறாள். உங்கட தொடரில செத்தவை ஆர்ட கண்ணுக்குத் தெரிவினம்?”

தயாளினிக்குக் கண் விரிந்தது. “பள்ளியில இருக்கிற அந்த நங்கூரத்தைத் தொட்ட ஆளின்ட கண்ணுக்கு மட்டும்தான். அவளின்ட கூட்டாளியள் அஞ்சு பேரில ஒருத்தரும் இன்னும் தொடேல்ல.”

“அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. கடைசிக் கட்டை மட்டும் மாத்தி, அதில உண்மையைச் சொன்னாப் போதும். முன்னுக்கு வாசிச்ச எல்லாம் தன்ர பாட்டில மாறிடும்.”

நிப்றாஸ் கதிரையில் இருந்து எழும்பிவிட்டான். “டீச்சர், எனக்கு மேல் புல்லரிக்குது!”

“பிறகு புல்லரியுங்கோ. ஏழு, எட்டு, ஒன்பதை எடுங்கோ. ஆராவது அவளைத் தொட்டிருந்தா, அவளுக்குப் பதில் சொல்லியிருந்தா, சொல்லவேணும். ஒண்டு விட்டாலும் பிள்ளையள் கண்டுபிடிச்சிடும்.”

*

ஏழாம் கட்டைச் சுலோ எடுத்தாள். ஒன்பதைத் தயாளினி எடுத்தாள். எட்டு சசிகரனிடம் போனது. மனைவி எழுதிய புத்தகத்தில் அந்த மனுசன் ஒரு பக்கம் கூட அதுவரை வாசித்ததில்லை. அட்டையை மட்டும் தடவிப் பார்த்து “நல்ல வழுவழுப்பு” என்று சொல்வார். இப்போது விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய வாசித்தார்.

“தேத்தண்ணி குடிக்கிறாள்” என்றாள் சுலோ திடுக்கிட்டு. பிறகு அடுத்த வரியைப் பார்த்தாள். “இல்லை. கோப்பையை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கதைக்கிறாள், தேத்தண்ணி ஆறிப்போச்சுது. தப்பினம்.”

“ஒன்பதில பஸ்ஸில இடம் குடுக்கினம்” என்றாள் தயாளினி. “ஆனா அது பக்கத்தில நிண்ட கிழவருக்கு.”

“கடவுளே, நன்றி.”

பத்து மணிக்கு ஏழும் ஒன்பதும் முடிந்தன. ஒரு பிழையும் இல்லை. சசிகரன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். சுலோ பொறுமை இழந்து எழுந்தபோது அவர் ஒரு இடத்தில் விரலை ஊன்றினார்.

“சுலோ. இது நான் குடுத்த குடை எல்லோ?”

“எது?”

“நூற்று இருபத்தோராம் பக்கம்.” அவர் உரத்து வாசித்தார். “‘பிரணவன் தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு நனைந்துகொண்டே நடந்தான். ஒன்றும் சொல்லவில்லை.’ போன மார்கழி மழைக்கு நான் பஸ் நிலையத்தில தயாவுக்குக் குடை குடுத்திட்டு நனைஞ்சு வந்தனான். தடிமனும் வந்தது. அதை எழுதிப் போட்டிருக்கிறாய்!”

அவருடைய முகத்தில் ஒரு பெருமை. சுலோவின் முகத்தில் இரத்தமே இல்லை.

“பிரணவன் அவளுக்குக் குடை குடுத்திட்டான்” என்றாள். “செத்தவளுக்கு எப்பிடிக் குடை குடுப்பான்?”

பிரணவன் அந்த ஐந்து பேரில் ஒருவன், அதிகம் பேசாத பொடியன். எட்டாம் கட்டைத் திரும்ப அடிக்கத் தாள் இல்லை. அடித்தால் பத்தாம் கட்டுக்கு இல்லை.

“செத்தவள் குடை பிடிப்பாளோ?” என்று கேட்டார் சசிகரன்.

“பிடிப்பாள் அப்பா. நாலாம் அங்கத்தில செத்த மீன்காரர் வலை இழுத்தவர். அது பிரச்சினை இல்லை. இவன்ட கண்ணுக்கு அவள் எப்பிடித் தெரிஞ்சாள் எண்டதுதான்...” தயாளினி பாதியில் நின்றாள். பின்னல் நுனி வாய்க்குள் போனது. “அம்மா. கேளுங்கோவன்.”

“சொல்லு. கேக்கிறன்” என்றாள் சுலோ. இந்த முறை பேனையை வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“பதினோராம் அங்கத்துக்குப் பிறகு பிரணவன் வலது கையைக் களிசான் பொக்கற்றில இருந்து எடுக்கிறதே இல்லை. சாப்பிடுறதும் இடது கையால. நாங்கள் எல்லாரும் வகுப்பில இதைத்தான் கதைக்கிறது. அவன் கையில என்னவோ இருக்கு.”

“நங்கூரத்தைத் தொட்டிருக்கிறான்.”

“தொட்டிட்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல!”

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் சுலோவுக்கு உடனே கொழும்பு ஞாபகம் வந்தது. தொடரோடு சேர்த்து நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாளே றுமானா சொன்னது: “அக்கா, எங்கட பாத்திரங்களை எடுத்து விளையாடுங்கோ. ஆனா முடியிறபோது எல்லாத்தையும் எடுத்த இடத்தில வைச்சிடுங்கோ.” புத்தகத்தில் என்ன நடந்தாலும் தொடரில் ஒரு துரும்பும் அசையக்கூடாது. நாலு புத்தகத்திலும் சுலோ அப்படித்தான் செய்தாள். காதலித்தவர்களைப் பிரித்து வைத்தாள், கண்டெடுத்ததைத் தொலைத்து வைத்தாள், தெரிந்துகொண்டவர்களை மறக்க வைத்தாள். பிரணவனின் கண்ணுக்குச் செத்தவர்கள் தெரிவார்கள் என்று எழுதினால் தொடரே அசையும்.

“என்ன டீச்சர்?” என்றான் நிப்றாஸ். “பத்தரையாகிட்டு.”

சுலோ கணினிக்கு முன்னால் போய் இருந்தாள்.

“நாலு புத்தகமாத் திருப்பி வைச்சனான்” என்றாள். “இதை வைக்க ஏலாது. தயா, கதிரையை இழுத்துக்கொண்டு இஞ்ச வா.”

*

பத்தரையில் இருந்து ஒன்றரை வரைக்கும் இரண்டு பேரும் எழும்பவில்லை. சசிகரன் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தார். அது மூடியபடியே கிடந்தது.

ஒவ்வொரு இடத்திலும் சுலோ கேட்டாள்: “இந்த இடத்தில சாதனா என்ன சொல்லுவாள்?” தயாளினி சொன்னாள். சுலோ அதை அப்படியே அடித்தாள். இலக்கணம் திருத்தவில்லை. டீச்சர்மாருக்கு அது லேசான காரியம் இல்லை, எனக்குத் தெரியும்.

புதிய முடிவில் சாதனா கூட்டாளிகள் எல்லாரும் அழுவதைப் பார்த்து, ஏன் அழுகிறீங்கள் என்று ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டு போகிறாள். ஒருவரும் நிமிரவில்லை. கடைசியாய் பிரணவனிடம் வந்து நிற்கிறாள். அவன் வலது கையைப் பொக்கற்றில் இருந்து எடுத்து அவள் முன்னால் விரிக்கிறான்.

“இப்ப அவள் என்ன சொல்லுவாள்?” என்று கேட்டாள் சுலோ.

தயாளினி கொஞ்சம் யோசித்தாள். “‘அப்ப இவ்வளவு நாளும் உனக்குக் கேட்டதா?’ எண்டு கேப்பாள்.”

சுலோ அதை அடித்தாள். கண் மறைத்தது, துடைத்துவிட்டு அடித்தாள்.

அழுகையோடு அழுகையாய்த் தயாளினியே சொன்னாள்: “இப்பிடிச் செத்தாப் பரவாயில்லை அம்மா.”

பழைய முடிவை அவசரத்தில் பார்க்காமலே அச்சுக்கு விட்டிருந்தது கொழும்பு; ஆனால் பிரணவன் விசயத்தைக் கேட்காமல் அச்சேற்ற ஏலாது. இரண்டு மணிக்குப் பதினைந்து பக்கமும் றுமானாவுக்குப் போனது. இரண்டேமுக்காலுக்குப் போன் அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று சுலோ ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, பிரணவன் விசயத்தை உங்களுக்கு ஆர் சொன்னது?”

குரலில் ஆசை ஒன்றும் இல்லை.

“ஒருத்தரும் சொல்லேல்ல.”

“விளையாடாதீங்கோ. அது அடுத்த சீசனின்ட கடைசிக் காட்சி. தயாரிப்பாளரோட சேத்து நாலே நாலு பேருக்குத்தான் தெரியும். அந்தப் பொடியன், நடிக்கிறவன், அவனுக்கே தெரியாது. கையைப் பொக்கற்றில வை எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கு.”

தயாளினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் குடையில இருந்து கண்டுபிடிச்சனான்” என்று சுலோ முழுவதையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, கேட்கிறவர் நம்பமாட்டார்.

“சரி, அதை விடுவம். இந்தக் கடைசிப் பக்கங்களை இண்டைக்கு ஏன் மாத்துறீங்கள்? மூண்டு கிழமைக்கு முதல் நான் எழுதின கடிதத்துக்கு உங்கட பதில் என்னட்ட இருக்கு. ‘பார்த்துவிட்டேன், மாற்றுகிறேன்.’ பூவும் போட்டிருக்கிறீங்கள்.”

நிப்றாஸ் மெல்ல மெசினின் பக்கம் நகர்ந்தான். சசிகரன் மனைவியைப் பார்த்தார். சுலோ மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி இறங்கிவிடும். அட்டையில் பெயரும் ஒருவேளை தப்பும்.

“என்ட பிழை” என்றாள் சுலோ. “நான் மாத்த மறந்திட்டன்.”

“பொய்!” தயாளினி மேசைக்குப் பாய்ந்துவிட்டாள். “ஆன்ட்டி, கேளுங்கோவன். கடிதத்தை அழிச்சது நான். பூப் போட்டதும் நான். அம்மாவுக்கு நேற்றுவரைக்கும் ஒண்டும் தெரியாது. சாதனா சாகிறது எனக்குத் தாங்க ஏலாமப் போச்சுது. பிரணவன்ட கையை நாங்கள் வகுப்பில எல்லாரும் கண்டுபிடிச்சிட்டம், அது ஒண்டும் பெரிய ரகசியம் இல்லை. எங்கட அம்மா பிழை செய்யேல்ல.”

எதிர்ப்பக்கத்தில் கதிரை ஒன்று இழுபட்ட சத்தம் கேட்டது.

“மகள்,” என்றார் றுமானா கடைசியில், “அந்தக் ‘கேளுங்கோவன்’ உங்களுடையதா?”

“ஓம்.”

“உங்களுக்கு எத்தினை வயசு?”

“பதினஞ்சு.”

றுமானா பெருமூச்சு விட்டது அச்சகம் முழுக்கக் கேட்டது. “அக்கா, பக்கங்கள் நல்லா இருக்கு. நான் அழுதுகொண்டுதான் வாசிச்சனான். அச்சடியுங்கோ. பிரணவன் விசயத்தை மேலிடத்தில நான் சமாளிக்கிறன். ஆனா...” குரல் தாழ்ந்தது. “ஆறாவது புத்தகத்தில உங்கட பெயர் போடுறதை இனி அவையள் ஒத்துக்கொள்ளமாட்டினம். கடிதம் அழிஞ்ச வீடு எண்டு சொல்லுவினம். நான் சொல்லிப் பாத்தாலும் கேக்காயினம். குறை நினைக்காதீங்கோ.”

“இல்லை” என்றாள் சுலோ. “நன்றி.”

போன் அணைந்தது. தயாளினி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். “என்னாலதான் அம்மா. என்னாலதான்.”

“ஓம், உன்னாலதான்” என்றாள் சுலோ. அவள் பொய் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. “நீ செய்தது பெரிய பிழை. அதை நீயே சொன்னது அதைவிடப் பெரிய காரியம். இப்ப அழாதை. வேன் ஆறு மணிக்கு.”

*

மூன்றரைக்கு நிப்றாஸ் பக்கங்களை அடுக்கினான். நூற்று நாற்பத்தைந்தில் தொடங்கி நூற்று ஐம்பத்தொன்பதில் கதை முடிந்தது.

“டீச்சர், கடைசிப் பக்கம் சும்மா கிடக்கு. நூற்று அறுவது. வெறுமையா விடவா?”

சுலோ திரையைப் பார்த்தாள். நாலு புத்தகத்திலும் கடைசிப் பக்கம் வெறுமையாய்த்தான் போனது.

“கொழும்பு எத்தினை பக்கம் பாத்துச் சரி சொன்னது, நிப்றாஸ்?”

“பதினஞ்சு.”

“பதினாறாவதைப் பற்றி?”

நிப்றாஸ் தாடியைத் தடவினான். “அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல.”

“அப்ப எழுதுங்கோ. நடுவில, சின்ன எழுத்து வேண்டாம். ‘இந்தக் கதையை எழுதியவர் சுலோஜனா சசிகரன், உட்துறைமுக வீதி, திருகோணமலை.’”

“சுலோ,” என்றார் சசிகரன், “அவையள் கண்டா இனி ஒரு புத்தகமும் தரமாட்டினம்.”

“தராட்டி, என்ட சொந்தக் கதையை எழுதுவன். எனக்குக் கை இருக்கு.” அவள் மகளின் பக்கம் திரும்பினாள். “நிப்றாஸ், கீழ இன்னொரு வரி இருக்கு. ‘சாதனா பேசுவதெல்லாம் தயாளினி சொன்னது.’”

தயாளினி திரைக்குக் கிட்ட வந்து தன்னுடைய பெயரை வாசித்தாள். பின்னல் நுனியைக் கடிக்கக் கூட மறந்துபோனாள்.

நிப்றாஸ் “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி மெசினைத் தட்டினான். தாள்கள் படபடவென்று விழத் தொடங்கின. மற்ற ஒன்பது கட்டும் பகலிலேயே அடுக்கித் தயாராய் இருந்ததால், மடித்து, சேர்த்து, தைத்து, அட்டை ஒட்டி முடிக்கிறபோது ஐந்தரை. சசிகரனும் வேன்காரரும் பெட்டிகளை ஏற்றினார்கள். வாசல் மான் கொஞ்சம் விலகி நின்று பார்த்தது.

ஆறு மணிக்கு வேன் புறப்பட்டுப் போனது. மூன்று பேரும் ரோட்டில் நின்று, அது வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தார்கள்.

“அம்மா,” என்றாள் தயாளினி, “நாளைக்கு றுமானா ஆன்ட்டி கடைசிப் பக்கத்தைப் பாப்பாவோ?”

“முதல்ல அதைத்தான் பாப்பா” என்றாள் சுலோ. “நடவுங்கோ, ஏழரைக்கு முதல் வீட்ட போகவேணும். சாதனா சாகிறபோது நாங்கள் மூண்டு பேரும் பக்கத்தில இருக்கவேணும்.”